பதினைந்தாவது ரிக்வெஸ்ட்

“ஏணியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க தம்பி. கேமராவுக்கு முன்னால மறைக்குது.”

கேமரா மெக்கானிக் அனீஷ் ஏணியைத் தள்ளிப் போட்டான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கேமராவுக்கு எது மறைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டான். முதல் தடவையாக வந்திருக்கும் வீடு அது.

ஆரியசாலையில் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம் செய்பவர் ஆறுமுகசாமி. கடைக்கு மேலேயே வீடு. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையிலும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தை மழுங்கச் சவரம் செய்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போலக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வழக்கமா ஷிஜுதானே வருவான்?”

“ஷிஜு சேட்டன் கத்தார் போயாச்சு அண்ணாச்சி. இனி நான்தான்” என்றான் அனீஷ், மலையாளம் கலந்த தமிழில்.

அனீஷுக்குத் தொழில் தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் தெரியும். ஷிஜு மாதாமாதம் வந்தும் முடியாததை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் உத்தேசத்தோடுதான் வந்திருந்தான். ஏணியில் ஏறிப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது.

“கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல. ஆனா இது சுஜான்னு ஒருத்தங்க அக்கவுண்ட்ல இருக்கு. ரீசெட் பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல. அவங்க விட்டுக் கொடுத்தாத்தான் உங்க போன்ல படம் வரும்.”

“என் மகதான். அவ அம்மா தவறின வருஷம் மாட்டினது. இப்ப அயர்லாந்துல இருக்கா.”

“அப்ப ஒரு போன் பண்ணினா போதுமே.”

“எடுக்க மாட்டா. என் நம்பரைப் பிளாக் பண்ணிட்டா.” ஆறுமுகசாமி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அவளா ஒருத்தனைப் பாத்துக் கட்டிக்கிட்டா. இனி இந்தப் படி ஏறாதேன்னு சொன்னேன். என் பேச்சு எதையும் கேக்காதவ, அதை மட்டும் அப்படியே கேட்டுட்டா. மறுநாளே கேமரா பாஸ்வேர்டையும் மாத்திட்டா.”

அனீஷுக்குச் சங்கடமாக இருந்தது.

“எதுக்கு இந்தப் பாடு அண்ணாச்சி? இதைக் கழட்டிட்டுப் புதுசு ஒண்ணு மாட்டித் தரேன். அரை மணிக்கூர் மதி.”

“அதுல கை வைக்காதீங்க.” குரல் சட்டென்று உயர்ந்தது. பிறகு அவரே தணிந்துகொண்டார். “ஷிஜு செய்யறதை மட்டும் செய்யுங்க. அதுக்கு அடியில ஒட்டியிருக்கிற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி, கேமராவை விட்டுக் கொடுக்கச் சொல்லி அவளுக்கு ஒரு ரிக்வெஸ்ட் போடணும். ஒரு மணி ஆகட்டும். அப்பத்தான் அங்க காலையில எட்டரை. எந்திரிச்சிருப்பா.”

அனீஷ் அவருடைய போனை வாங்கிப் பழைய பட்டியலைப் பார்த்தான்.

“பதினாலு ரிக்வெஸ்ட் போயிருக்கு. பதினாலும் ரிஜெக்ட்.”

“தெரியும்.”

ஒரு மணிக்கு அனுப்பினான். “அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டுருவா, இருங்க” என்றார் ஆறுமுகசாமி. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர் எழுந்து ஜன்னல் வரை போனார். மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழிந்தும் போன் வாய்மூடிக் கிடந்தது.

“இந்தத் தடவை யோசிக்கிறாங்க போல” என்றான் அனீஷ். “எப்பவும் உடனே வேண்டாம்னு சொல்றவங்க இவ்வளவு நேரம் எடுத்தா, மனசு இளகியாச்சுன்னு அர்த்தம். கிட்டும் அண்ணாச்சி.”

ஆறுமுகசாமியின் முகம் வெளுத்துவிட்டது. “கிட்டிரும்னா சொல்லுதீங்க?” என்றார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனிதர் இதற்காக எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறார் என்று அனீஷுக்கு நெஞ்சு கனத்தது. முகம் தெரியாத அந்தச் சுஜாவின் மேல் கோபம்கூட வந்தது. கண்ணை மூடிப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டான். ஆறுமுகசாமியும் கண்ணை மூடித்தான் இருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒன்று இருபத்திரண்டுக்குப் போன் ஒலித்தது. அனீஷ் பார்த்தான்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. இந்தத் தடவையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. பழவங்காடியில ஒரு தேங்காய் நேர்ந்திருந்தேன். பலிக்கல.”

ஆறுமுகசாமி கையை நீட்டிப் போனை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். நெடுநேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

“நானும் ஒண்ணு நேர்ந்திருந்தேன். அது பலிச்சுட்டு. நாளைக்கு உடைச்சிருதேன்” என்றார். “அடுத்த மாசம் முதல் ஞாயிறு, ஒரு மணிக்கு வந்துருங்க தம்பி.”

அனீஷுக்கு ஒன்றும் புரியவில்லை. “அவங்க விடமாட்டேன்னுட்டாங்களே அண்ணாச்சி?”

“அதைத்தானே நானும் மாசாமாசம் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுதேன்.” ஆறுமுகசாமி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவுக்கு நேராகப் போய் நின்றார். “பூட்டு எனக்குத்தான் தம்பி, அவளுக்கு இல்ல. இதை விட்டுக் கொடுத்துட்டா, பிறகு அவளால என்னைப் பாக்க முடியாதுல்லா?”