காலி செய்த அன்று

அரிசி டிரம்மை நகர்த்தியபோது பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. நைந்த துணிக்குள் ரோஸ் நிறத்தில் ஐந்தாறு குஞ்சுகள், கண் திறக்காமல் நெளிந்தன.

வெற்றிச்செல்விக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

படிக்கு வெளியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற வீட்டுக்காரம்மா மலர்க்கொடியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுங்க இருந்த எடத்துல வேற என்ன இருக்கும்!"

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினாள். அந்தப் பெண் காலையிலிருந்து மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிச்செல்வி குஞ்சுகளைத் துணியோடு முறத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் கொட்டினாள். கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.

"கொழாயத் தொடாத," என்றாள் மலர்க்கொடி.

கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவளும் கணவன் அறிவரசனும் துறைமங்கலத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்குத் தபால் ஆபீஸில் வேலை, அவனுக்குக் கரண்ட் ஆபீஸில். வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. 'அக்கா, அக்கா' என்று மலர்க்கொடியையே சுற்றிக்கொண்டிருந்தாள் வெற்றிச்செல்வி. டைபாய்டில் கிடந்தபோது ரசம் சோறு பிசைந்து ஊட்டியவள் அந்த அக்காதான்.

போன மாதம் வெற்றிச்செல்வியின் அப்பா அரியமுத்து ஒரு பை சின்ன வெங்காயத்தோடு மகளைப் பார்க்க வந்தார். எந்த ஊர் என்று மலர்க்கொடி கேட்டாள். குன்னத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரைச் சொன்னார். "காலனிங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மலர்க்கொடி பேச்சை நிறுத்திவிட்டாள். அவரும் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கொடுத்த தண்ணீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா அப்படிக் குறுகிப்போனது வெற்றிச்செல்விக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொன்னாள் மலர்க்கொடி. தெரு முழுக்கக் காரணத்தையும் சொன்னாள்.

நாலு ரோட்டுப் பக்கம் வேறு வீடு கிடைத்தது. அங்கே எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சாவி வாங்கினான் அறிவரசன்.

கட்டில் போனது. பீரோ போனது. துணிமூட்டை, பாத்திர மூட்டை, டிவி. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது மேலே பட்டுவிடாமல் மலர்க்கொடி பின்னால் நகர்ந்தாள். சுருட்டிய பாயின் முனை ஒருமுறை அவள் சேலையில் உரசிவிட்டது. கம்பளிப்பூச்சியைத் தட்டிவிடுவதுபோல அந்த இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

இந்தக் கையிலா வாங்கித் தின்றோம் என்று தோன்றியது வெற்றிச்செல்விக்கு. எலிக்குஞ்சுகளைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை.

சாமான்களை ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்பியது. அறிவரசனும் அதில் போய்விட்டான். குக்கர் விசில் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே ஓடினாள். வெற்றிச்செல்வி கடைசியாக அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி உள்ளே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வெற்றிச்செல்வி விளக்குமாற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

குரல் வேறு மாதிரி இருந்தது. வெற்றிச்செல்வி இல்லை என்று தலையாட்டினாள்.

"அவருக்கு என்னைத் தெரியும். ஒங்க தெருவுல கடைசி வூட்டு ஆண்டாயி, அது... எப்புடி இருக்கு?"

"அவங்கள ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

மலர்க்கொடி சாத்திய கதவைத் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா."

வெற்றிச்செல்விக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. காலையிலிருந்து பொத்திய மூக்கு, தட்டிவிட்ட சேலை, மதிலுக்குக் கேட்கும்படி போட்ட சத்தம். அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"அது போன தையிலயே செத்துப் போச்சு. பெத்த மவ எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியல. எங்கப்பாதான் கொள்ளிச்சட்டி தூக்குனாரு."

வலிக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மலர்க்கொடி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாளை நீக்கிக் கொல்லைப் பக்கம் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வெற்றிச்செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள். நடுப்பகல் வெயிலில், தொட்டிக்குப் பக்கத்தில், கட்டிய சேலையோடு உட்கார்ந்து தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள் மலர்க்கொடி. முந்தானையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் மதிலுக்கு வந்திருந்தாள்.

"கண்டதுங்களையும் குடிவெச்சா இப்புடித்தான்," என்றாள் வெற்றிச்செல்வியைப் பார்த்து. "பாரு, தீட்டுன்னு தலை முழுவுறா."

மலர்க்கொடியின் கை வாளியோடு அப்படியே நின்றது. நனைந்த முடிக்கு நடுவிலிருந்து வெற்றிச்செல்வியைப் பார்த்தாள்.

வெற்றிச்செல்வி பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "தீட்டுத்தான்."