கரிக் குவியலுக்குப் பின்னால்

"அங்க குந்தாத, அண்ணாத்தே. காத்து அங்கதான் வுழும்," என்றாள் சிவந்தி.

துறைமுகத்து நிலக்கரிக் குவியலின் மறைவில் உட்காரப் போன அருள்பிரகாசம் அப்படியே நின்றான்.

கடற்காற்று குவியலின் மேல் ஏறி, இந்தப் பக்கம் தொப்பென்று இறங்கியது. அவன் உட்கார நினைத்த இடத்தில் கரித்தூள் கொட்டியது.

சிவந்தி இருபது அடி தள்ளி, வெட்டவெளியில் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தாள். அங்கே தூசி தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏறுன காத்து சும்மா எறங்கிப் பூடாது. வுழும், எந்திரிக்கும், மறுபடி வுழும். எந்திரிக்கிற எடமா பாத்துதான் சோறு துன்னணும்."

கரிக்கூடை சுமக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். யுத்தம் முடிந்து ராயபுரத்துக்குத் திரும்பி ஒன்றரை வருடமாக அவள் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து, இன்று அவளிடமே வந்து மாட்டிக்கொண்டான்.

அவள் புருஷன் ஜெயவேல், கப்பலில் சரக்குக் கட்டிப் பழகியவன். அவன் போட்ட கட்டை அவிழ்க்க அவனே வரவேண்டும் என்பார்கள். அந்தக் கைக்காகவே யுத்தத்தில் அவனைக் கூட்டிப்போனார்கள். அஸ்ஸாமிலிருந்து மலையைத் தாண்டி பர்மாவுக்குப் போகும் விமானத்தில் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டும் வேலை. அதே தெருவைச் சேர்ந்த அப்பாவு என்பவனும் கூடப் போனான்.

ஒருநாள் அவர்கள் இருவரும் போன விமானம் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கட்டு அவிழ்ந்து சரக்கு சரிந்ததுதான் காரணம் என்று பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தது.

அன்றிலிருந்து அப்பாவுவின் மனைவி தெருக்குழாயில் சிவந்தியின் குடத்தை வைக்க விடுவதில்லை. தெருவும் அப்பாவுவின் மனைவி பக்கம்தான்.

அருள்பிரகாசம் அப்போது பர்மாவில், அந்த மலையடிவாரத்து விமானத் தளத்தில் பலூன் விடுகிறவனாக இருந்தான். காலையில் ஒரு சிவப்புப் பலூனில் வாயு நிரப்பி விடுவான். கருவியில் கண்ணை வைத்து, அது ஏறும் உயரத்தைத் தாளில் குறிப்பான். அதைப் பார்த்துத்தான் காற்று எப்படி என்று விமானங்களுக்குச் சொல்வார்கள்.

"நீ அங்கதான இருந்த," என்றாள் சிவந்தி. "நெசத்த சொல்லு. எங்க வூட்டுக்காரரு கட்டு அவுந்துச்சா?"

உப்பு போதுமா என்று கேட்பதுபோல் கேட்டாள். அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது.

குவியலின் உச்சியிலிருந்து ஒரு காகிதத் துண்டு பறந்து வந்தது. மறைவில் இறங்கி, தரையைத் தொடப் போய், எழுந்தது. அவர்கள் தலையைத் தாண்டி மறுபடி இறங்கியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாமல் இருந்தே பழகிவிட்டது.

"அவுரல," என்றான். "காத்துதான். மலை ஏறின காத்து அந்தாண்ட வுழுந்துச்சு. விமானத்தையும் சேத்து அமுக்கிடுச்சு. அதுக்குக் கயிறு இன்னா பண்ணும்?"

அவள் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். பலூன் வுழுந்துச்சு, எந்திரிச்சுது, மறுபடி வுழுந்துச்சு."

"பாத்துட்டு இன்னா செஞ்ச?"

"எழுதினேன்."

"அப்ப காயிதத்துல கீது," என்றாள் சிவந்தி. கட்டு அவுரல, கட்டு அவுரல என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "நாலு மணிக்குத் தண்ணி வரும். கொயாயாண்ட வந்து அப்பாவு பொண்டாட்டிகிட்ட இத சொல்லு, அண்ணாத்தே," என்றாள்.

தன்னிடமிருந்த ஒரே கருவாட்டைப் பிய்த்து, பெரிய பாதியைத் தூக்கின் மூடியில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் வருவதாகத் தலையாட்டினான். கருவாட்டை எடுத்து மென்றான். ருசி தெரியவில்லை.

வாயு நிரப்பிய பலூன் இறங்காது, இறங்குவதாகத் தெரிந்தால் பார்த்தவன் கண்ணில்தான் கோளாறு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விமானம் விழுந்த அன்று காலை, பலூன் இறங்கியதாக அவன் எழுதியதை இரண்டு முறை பார்த்தான். திட்டு வாங்கப் பயந்தான். ரப்பரால் அழித்துவிட்டு, பலூன் ஏறிக்கொண்டே போனதாக முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். அரை மணி கழித்து விமானம் மலையைத் தாண்டியது.

விசாரணையில் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். காற்றில் ஒரு குறையும் இல்லை, அப்படியானால் கட்டியவன் மேல்தான் குறை என்று எழுதி முடித்தார்கள்.