உலை திறந்த கதவு

தோலில் இருந்த ஒரு செல்லுக்குள் உலை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வாசலில் உறைபோட்ட கத்தரிக்கோல் ஒன்று உறங்கியது. விழித்தால் அது செல்லையே துண்டு துண்டாக நறுக்கிவிடும்; அதைக் கண்டாலே உலைக்கு நடுக்கம்.

ஒருநாள் கடும் வெயிலில் செல்லின் மரபு எழுதிய ஏடு சிதைந்தது. ஏட்டின் பிழைகளைச் சரிசெய்யும் எழுத்தாணி மூன்று தடவை திருத்திப் பார்த்துவிட்டு உலையிடம் வந்தது.

"இனி ஆகாது அண்ணே. இந்தப் பிழையோடு நாம் பெருகினால் உடம்பையே தின்றுவிடுவோம்."

உலை தன் கதவைத் தானே திறந்து ஒரு பொறியை வெளியே விட்டது. பொறி பட்டதும் கத்தரிக்கோல் விழித்தது.

"எங்கிருந்து தொடங்கட்டும்?"

"எங்கிருந்து வேண்டுமானாலும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது."

கேட்கவில்லை.

சாயங்காலம் பக்கத்துச் செல் காலை நீட்டிப் படுத்தது. "இன்றைக்கு என்னவோ இடம் தாராளமாக இருக்கிறது" என்றது.