ரேடியோ விழுங்கிய அறிவிப்பு

மாதம் பிறந்தால் பழைய ஒலிபரப்பு நின்றுவிடும், இனி டிஜிட்டல் ரேடியோவில்தான் கேட்கலாம் என்று நிலையத்தார் மூன்று நாள் அறிவித்தார்கள். மூன்று நாளும் அந்த இடம் வந்ததும் வேதமுத்துவின் பழைய ரேடியோ வேண்டுமென்றே கரகரத்து அதை விழுங்கிவிட்டது. தெரிந்தால் புதிதாக ஒன்றை வாங்கி வந்துவிடுவாரே என்ற பயம்.

ஒன்றாம் தேதி வேதமுத்து குமிழைத் திருகினார். வெறும் இரைச்சல்தான் வந்தது.

“உன்மேல குத்தமில்ல. ஏரியல் கம்பிதான் துருப்பிடிச்சிருக்கும்” என்று துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, முழங்கால் வலியோடு ஓட்டுக் கூரைமேல் ஏறினார்.

ரேடியோவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அதன் முதுகுச் சூட்டில் குடியிருந்த பல்லி, “மூணு நாளும் என்னமாத் தொண்டையைச் செருமினீங்க அண்ணே. இப்பவாவது உண்மையைச் சொல்லி அவரை இறங்கச் சொல்லுங்க” என்றது.

“எப்படிச் சொல்ல? அவர் காதுக்கு நான் பேசினதெல்லாம் நிலையத்துக் குரல். எனக்குன்னு இருக்கறது இந்தக் கரகரப்பு மட்டும்தான்.”

மேலே ஓடு ஒன்று நொறுங்கியது.

“இப்பப் பேசுவியா?” என்று கூரையிலிருந்து வேதமுத்து கேட்டார்.

ரேடியோ தன்னால் முடிந்தமட்டும் உரக்கக் கரகரத்தது.

“சத்தம் கொஞ்சம் கூடியிருக்கே” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு அவர் இன்னும் மேலே ஏறினார்.