பதினாலாம் நம்பர் சட்டை

வேணுகா மண்டபத்துக்குள் கால் வைத்து மூன்று நிமிடம் ஆகவில்லை. அதற்குள் நாலு பேர் அவளுடைய சட்டையைப் பாராட்டிவிட்டார்கள்.

பதினெட்டு வருடமாக சுவிஸின் இந்த எம்மன்புரூக்கே ஊர் மண்டபத்துக்குக் கொண்டாட்டங்களுக்கு வந்து போகிறாள். காஞ்சிபுரம் கட்டி வந்திருக்கிறாள். கல் வைத்த சேலை கட்டி, இடுப்பில் ஊசி குத்த, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு காகம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஊர்க்காரர் இரவீந்திரனின் ஐம்பதாவது பிறந்தநாள். வேலை முடிந்து அங்கேயே உடுப்பு மாற்றி நேரே ரயில் ஏறியதால் சேலைக்கு நேரமில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கடல்நீல நீளச் சட்டை. பருத்தி. இரண்டு பக்கமும் பை. கையை விட்டுக்கொண்டு நிற்கலாம், இரண்டாம் தட்டுச் சோறும் கூச்சமில்லாமல் சாப்பிடலாம். அப்படியொரு சுகம்.

இன்னொருவர் எட்டு வருடம் உடுத்த சட்டை என்பதுதான் ஒரே பிரச்சினை.

சின்னப் பிரச்சினை இல்லை. ஒரு முறை வீடியோவில் விழுந்த சேலையை மறுமுறை கட்டுவதே இங்கே குற்றம். அடுத்தவர் உடுத்ததை உடுத்தால் ஆயுள் தண்டனை. போன வருடம் சுமித்ரா தன் மச்சாளின் சேலையைக் கட்டி வந்து பிடிபட்டாள். கேக் வெட்டி முடிய முன்னம் செய்தி ஜெனீவாவுக்குப் போய்விட்டது. இப்போதும் அவளுக்குப் பெயர் 'இரவல் சுமித்ரா'. பாவம், அதற்குப் பிறகு அவள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் வருவதில்லை.

ஆகவே வேணுகா சுவரோரமாக ஒரு கதிரை பார்த்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டையின் கழுத்துக்குப் பின்னால், உட்புறம், ஒரு சின்ன வெள்ளை நாடா தைத்திருந்தது. காலையில் அதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். ஏனடி வைத்தாய் என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாராட்டு நின்றபாடில்லை. நல்லாய் மெலிந்துவிட்டாள் என்றார் ஒருவர். பத்து வயது குறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். போன மாதம் இதே ஆட்கள்தான் அவளுக்கு ஏதும் சுகமில்லையோ என்று கேட்டவர்கள்.

கடைசியில் சரணியா வந்தாள்.

எந்தச் சேலை எந்தக் கடை, என்ன விலை, கழிவு போட்டதா இல்லையா, எல்லாம் பத்தடி தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். சுங்க இலாகாவில் வேலை கொடுத்திருந்தால் சுவிஸ் இன்னும் பணக்கார நாடாகியிருக்கும். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆசையாகக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள். கொஞ்சும்போதே கை பின்னால் போய்க் கழுத்துப் பட்டியைப் பிரட்டிவிடும். கம்பனிப் பெயர் பார்க்காமல் அவளுக்கு அன்பு வராது.

இந்த நாட்டு முறைப்படி கன்னத்தில் மூன்று கொஞ்சல்.

முதல் கொஞ்சலில் கை தோளில் இருந்தது. இரண்டாவதில் கழுத்துக்கு வந்தது. மூன்றாவதில் நாடா வெளியே வந்துவிட்டது.

முடிந்தது கதை. இன்றிரவே ஜெனீவா.

சரணியா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டு, வாய்விட்டு வாசித்தாள்.

"ஆர். ஏபர்சோல்ட். பதினாலு."

பக்கத்து மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அட, ஏபர்சோல்டோ! நம்பர் போட்டுத்தான் விப்பினம். ஒரு டிசைனிலை இருபது சட்டைதான் தைப்பினம், இது பதினாலாவது. என்னட்டையும் ஒண்டு கிடக்கு," என்று அவளே தொடர்ந்தாள்.

அவ்வளவுதான். உடனே மண்டபத்தில் எல்லோருக்கும் ஏபர்சோல்ட் தெரிந்திருந்தது. ஒருத்தி சூரிச்சில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தாளாம். இன்னொருத்தியின் மருமகள் அதைத் தவிர வேறொன்றும் உடுப்பதில்லையாம்.

வேணுகா பிழைத்துவிட்டாள். பொங்கி வந்த சிரிப்பை, பைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளி அடக்கிக்கொண்டாள்.

"எந்தக் கடையிலை எடுத்தனீர்? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாருமன்," என்றாள் சரணியா.

"இனிக் கிடைக்காது அக்கா. செவ்வாய்க்கிழமை பூட்டியாச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

ரோஸ்மரி ஏபர்சோல்ட், அறை எண் பதினான்கு. ஓஸ்டர்முண்டிகனில் வேணுகா உடுப்புத் தோய்க்கும் முதியோர் இல்லம். அங்கே உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயரும் அறை எண்ணும் எழுதிய நாடா தைப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் இந்த நாடாவைத் தைத்ததும் வேணுகாதான். போன மாதம் அந்த மனுசி சட்டையை மடித்து அவள் கையில் வைத்தது. எனக்குப் பெரிசாகிவிட்டது, உனக்குத்தான் அளவு, ஒரு பார்ட்டிக்குப் போட்டுக்கொண்டு போ, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் விடாமல் வந்து சொல் என்றது.

ஒன்றும் விடாமல்தான் வேணுகா கேட்டு வைத்திருந்தாள். தன் பெயரில் சூரிச்சில் கடை இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மனுசி கட்டில் குலுங்கச் சிரித்திருக்கும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை அது செத்துப்போனது. கட்டில் விரிப்பை உருவி எடுத்துத் தோய்த்ததும் வேணுகாதான்.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சரணியா பதறிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கடை பூட்டினதுக்கோ அழுறீர்? லுசேர்னிலை அவையின்ரை இன்னொரு கிளை இருக்கு. நான் நேற்றும் போனனான்."