இனி யாருடையதும் சேரும்

டயாலிசிஸில்தான் பூங்கோதையின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளைச் சுமந்ததில் அவள் ரத்தம் கணவர் தண்டபாணியின் சிறுநீரகத்தை ஏற்காதபடி மாறியிருந்தது.

"ரெண்டு கிட்னியும் குடுப்பேனுங்க, இவ உடம்பு ஒத்துக்காதே!" என்று கல்யாண வீடு, எழவு வீடு பாக்கியில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார் தண்டபாணி.

அன்று டாக்டர் சிரித்தபடி சொன்னார். "புது ஊசி வேலை செஞ்சிருச்சு, ரத்தத்துல இருந்த எதிர்ப்பு போயிருச்சு. இனி யாரோட கிட்னியும் சேரும். சார், நீங்களே குடுக்கலாம்."

தண்டபாணிக்கு வேர்த்தது. "ஜாதகம் பாக்கோணுமுங்க... சுகர் வேற வர்ற மாதிரி இருக்குது..."

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போய்க் காரை எடுங்க."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

அவள் டாக்டரிடம் திரும்பினாள். "முகந்தெரியாதவங்க யாரு குடுத்தாலும் சம்மதமுங்க. இந்தாளோடது மட்டும் வேண்டாம்."