பட்டப்பகல்

“ஒரு பொட்டு வெயில் உள்ளே வரக்கூடாது. கார் கண்ணாடி முழுக்க நல்லா கறுப்பா ஃபிலிம் ஒட்டுங்க மேடம்.”

“அவ்வளவு கறுப்பு சட்டப்படி தப்பு சார். அப்படி யாரை மறைச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?” கடைக்காரப் பெண் சந்தேகமாகக் கேட்டாள்.

“என் பொண்ணை. வெயில் பட்டா அவ தோல் வெந்துடும். பிறந்ததுலேருந்து பகல்ல வெளியே வந்ததே இல்லை.”

அவள் குரல் இறங்கியது. “அதுக்குக் கறுப்பு எதுக்கு சார்? கண்ணாடி மாதிரியே தெளிவான ஃபிலிம் இருக்கு. தோலைப் பொசுக்கற கதிரை மட்டும் தடுக்கும். சட்டமும் தடுக்காது. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.”

டாக்டர் சம்மதித்தார். ஃபிலிம் ஒட்டிய கார் பட்டப்பகலில் கிளம்பியது. பின் சீட்டில் மகள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

“அப்பா! தரையில ஒரு கார் நம்ம கூடவே ஓடி வருது!”

அவர் வேகத்தைக் குறைத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் ஓட்டியும், தன் காரின் நிழலை அவர் அன்றுதான் பார்த்தார்.